ஒரு நிமிஷக்காரர் வரைந்த கண்கள்

என் வீட்டுக்காரர் ஓவியர் என்று, அவர் உயிரோடு இருந்தவரை நான் ஒரு தடவைகூட யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்வேன். அதற்கு மேல் யாராவது மூக்கை நுழைத்தால் பேச்சை மாற்றிவிடுவேன். அவர் போய் இரண்டு வருஷம் கழித்து, வெளியிலிருந்து இங்கே வந்து குடியேறிய ஓவியர்களுக்காக நூலகத்து மாடியில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்று என் மகள் கேள்விப்பட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு மேஜை ஒதுக்கியிருக்கிறார்களாம். மூன்று வாரத்துக்குள் அவர் வரைந்ததைக் கொண்டுவந்து வைக்க வேண்டுமாம். வைக்காவிட்டால் மேஜை வேறு ஆளுக்குப் போய்விடுமாம்.

அது நடக்காது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அவர் வரைந்தது என்று வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. கிடையாமல் போனதற்கு முக்கால்வாசிக் காரணம் நான்தான்.

பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்தபோது அவர் நாலு கான்வாஸ்களைச் சுருட்டி, போர்வைக்குள் பொதிந்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார். படம் விற்கிற இரண்டு இடங்களில் கொண்டுபோய்க் காட்டினார். ஒரு இடத்தில் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில் அதுவும் சொல்லவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. கான்வாஸ்கள் பீரோவுக்குப் பின்னால் மூன்று வருஷம் தூங்கின. நான் தையல்காரி. பேண்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, இதுதான் என் பிழைப்பு. கெட்டித் துணி சும்மா சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ஒரு நாள் இதில் பை தைத்துக்கொள்ளவா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தைத்துக்கொள் என்றார்.

நாலு கடைப்பை தைத்தேன். அதுவும் எப்படி? சித்திரம் உள்பக்கம் வருகிற மாதிரி. வெளியே தெரிந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று. எட்டு வருஷம் அந்தப் பைகளில் காய்கறி வாங்கினோம். கடையிலிருந்து வந்ததும் பைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு ஆத்தங்கரையில ஒரே வெங்காயம்" என்பார். ஆற்றைத்தான் ஒரு பையில் வரைந்திருந்தார். நானும் சிரிப்பேன். பைகள் நைந்து ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போயின. இப்போது அந்த வெங்காயப் பேச்சு ஞாபகத்துக்கு வந்தால் சிரிப்பு வருவதில்லை. ஒரு ஓவியனின் துணியை வெட்ட என் கத்தரிக்கோலுக்குத் தயக்கமே இல்லாமல் போயிற்றே என்று என்மேலேயே கோபம் வருகிறது.

அந்த மேஜையில் எதையாவது வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்ததற்குக் காரணம் இதுதான். மகளுக்கு அது அப்பாவின் பெருமை. எனக்கு அது நான் வெட்டிய வெட்டுக்குத் தையல் போடுகிற வேலை.

பீரோவோடு அவர் சித்திரம் முடிந்துபோகவில்லை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நீளமாக ஒரு அறை உண்டு. விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு அங்கே செயற்கைக் கண் செய்வார்கள். அதன் வாசல் வழியாகத்தான் இவர் தினமும் துடைத்துக்கொண்டு போவார். ஒரு நாள் காலை, வாளியும் துடைப்பமுமாக உள்ளே நுழைந்தபோது, அங்கே இருந்த நிபுணர் ஒரு அம்மாளை நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாராம். அலமாரியில் நீலம், பச்சை, சாம்பல் எல்லாவற்றுக்கும் வரிசை வரிசையாகச் சாயப் புட்டிகள். பழுப்புக்கு ஒரே ஒரு புட்டி. பழுப்பு என்றால் பழுப்புதானே என்று வாங்கி வைத்தவர் நினைத்திருக்கிறார்.

இவர் வீட்டில்கூட இன்னொரு கரண்டி சோறு வேண்டும் என்று வாய் திறந்து கேட்காத மனிதர். அன்றைக்கு என்ன தோன்றியதோ, "ஐயா, அது ஒரே பழுப்பு இல்ல. ஓரத்துல பச்சை ஓடுது, நடுவுல செங்கல் கலர் இருக்கு" என்று சொல்லிவிட்டார். நிபுணருக்குச் சுருக்கென்றிருக்கிறது. அப்படியானால் நீயே வரைந்து காட்டு என்றிருக்கிறார். இவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஒரு நிமிஷம் என்று சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மாள் கண்ணாடியைக் கையில் வாங்கியவள் திருப்பிக் கொடுக்கவே இல்லையாம். அடுத்த வாரத்திலிருந்து இவருக்கு அந்த அறையில் வேலை. "ஒரு நிமிஷக்காரர்" என்ற பட்டப்பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

ஆனால் காகிதத்தில் அவர் நிபுணர் இல்லை. அதற்கு ஏதோ சான்றிதழ் வேண்டும். இருபத்தேழு வருஷம் கண் வரைந்துவிட்டு, "மெருகு உதவியாளர்" என்ற பதவியிலேயே ஓய்வு பெற்றார். ஆஸ்பத்திரி நடையில் அந்தப் பிரிவின் புகைப்படம் ஒன்று மாட்டியிருக்கிறது. நிபுணர் நடுவில் நிற்கிறார், அதிகாரிகள் இரண்டு பக்கமும். வலது ஓரத்தில் பாதித் தோள் ஒன்று தெரியும். அது எங்களுடையது.

செயற்கைக் கண் என்றால் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மெல்லிய சிப்பி மாதிரி குழிவாக இருக்கும். நடுவே வைக்கிற கருவிழி, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை. அதன்மேல் நாலைந்து மயிர் மட்டுமே உள்ள தூரிகையால் வரைவார். எதிரே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். பகல் வெளிச்சம் வேண்டும், விளக்கு கூடாது. புகைப்படத்தைப் பார்த்து வரைய மாட்டார், மனசிலிருந்தும் வரைய மாட்டார். நல்ல கண்ணைப் பார்ப்பார், அதில் இருப்பதைப் போடுவார், இல்லாததைப் போட மாட்டார். இந்தப் பிடிவாதத்தை நிபுணராலும் மாற்ற முடியவில்லை.

வெள்ளை விழியில் ஓடுகிற ரத்தக் குழாய்களுக்குச் சிவப்புப் பட்டு நூல் வேண்டும். ஒரு இழையைப் பிரித்து, அதிலிருந்து ஒரு நாரை எடுத்து, ஊசிமுனையால் தள்ளித் தள்ளிப் படியவைக்க வேண்டும். ஆஸ்பத்திரி கொடுத்த நூல் கயிறு மாதிரி இருக்கிறது என்று சொல்லி என் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டு போவார். நூல்கண்டு காணாமல் போகிறதே என்று நான் கத்துவேன். காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

சாப்பிடும்போது அன்றைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்வார். பெயரை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். அதனால் மருந்துக்கடைக்காரர், பாட்டு டீச்சர், மீசை வைத்த வாத்தியார் என்றுதான் சொல்வார். பாதிக் கதையில் நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருப்பேன்.

மகளோடு போய்க் கண்காட்சி அமைப்பாளரைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். மரியாதையான பெண். நான் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு, ஓவியம் என்று தனியாக எதுவும் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பைக் கதையைச் சொல்லவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது ரொம்ப நல்ல கைவேலை. ஆனா கலைன்னு எப்படி வைக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றாள். முதலில் நாலு கண்ணையாவது கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வழியெல்லாம் எனக்கு எரிச்சல். அவளைத் திட்டவும் முடியவில்லை. அவள் மரியாதையாகச் சொன்னதை நான் முப்பது வருஷம் மரியாதை இல்லாமல் நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நேரே அந்த அறைக்குப் போனோம். அங்கே கண்குழிக்கு அச்சு எடுக்கிறவர் இன்னும் வேலையில் இருக்கிறார். இவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறவர். இப்போது இரண்டு பெண்கள் கண் வரைகிறார்கள். நன்றாகவே வரைகிறார்கள், பழுப்புக்குப் பதினோரு புட்டி வைத்திருக்கிறார்கள். அவர் செய்த கண் ஒன்றுகூட இங்கே இல்லையா என்று கேட்டேன். செய்து முடித்த கண் எல்லாமே செய்துகொண்டவரோடு போய்விடும் என்றார் அச்சுக்காரர். யார் யார் என்று பெயராவது கொடுங்கள் என்றேன். சட்டம் இடம் கொடுக்காது அண்ணி என்று கையைப் பிசைந்தார். வேண்டுமானால் ஒரு அறிவிப்பு எழுதிக் கொடுங்கள், காத்திருக்கிற பெஞ்சுக்கு மேலே ஒட்டுகிறேன், செய்துகொண்டவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை மெருகு போட வருவார்கள், பார்க்கட்டும் என்றார்.

மகள் அறிவிப்பு எழுதினாள். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. பத்து நாள் ஒருவரும் கூப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் சொன்ன கதைகளில் அரைகுறையாகக் காதில் விழுந்ததை ஒட்டவைத்துப் பார்த்தேன். பேருந்து நிலைய முக்கில் மருந்துக்கடை, இரட்டைப் பெண் குழந்தைகள், பேச ஆரம்பித்தால் நிறுத்தாத மனிதர். விசாரித்துக்கொண்டு போனால் ஆள் அப்படியே இருந்தார். கடையில் கூட வேலை செய்கிறவர்கள் மூன்று பேர். எதையோ சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என்ன வேண்டும் என்று கேட்டார். வாயைத் திறந்தேன். என்ன கேட்பது? உங்கள் ஒரு கண் பொய்க்கண், அதை என் வீட்டுக்காரர் செய்தார், கொஞ்சம் கழற்றிக் கொடுக்கிறீர்களா என்றா? அந்த மூன்று பேருக்கும் அது தெரியாது என்பது அவர்கள் சிரிப்பிலேயே தெரிந்தது. அந்தக் கடைக்காரர் இத்தனை வருஷமாகக் காப்பாற்றி வந்ததை நான் ஒரே வார்த்தையில் கவுண்டர்மேல் போட்டு உடைக்க இருந்தேன்.

இருமல் மிட்டாய் ஒரு பட்டை வாங்கிக்கொண்டு அசடு வழிய வெளியே வந்தேன். எனக்கு இருமலே கிடையாது.

நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற ஓவியர்கள் வரைந்து முடித்து மூலையில் கையெழுத்துப் போடுவார்கள். நாலு பேர் பார்த்தால்தான் அது படம். இவர் வரைந்ததை ஒருவரும் கண்டுபிடிக்காமல் இருந்தால்தான் அது படம். இருபத்தேழு வருஷம் யாரும் அவரைக் கவனிக்கவில்லை என்று நான் ஆத்திரப்படுகிறேன். யாரும் கவனிக்காமல் இருக்கத்தானே அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் நாலைந்து மயிர்த் தூரிகையோடு மல்லுக்கு நின்றார்? இப்போது நான் போய்க் கதவைத் தட்டிக் கேட்டால், அவர் வேலையை நானே கெடுத்ததாகும். முதலில் கத்தரிக்கோலால் கெடுத்தேன், இப்போது வாயால் கெடுக்கப் போகிறேன்.

வீட்டுக்கு வந்து, மேஜை வேண்டாம், எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிவிடு என்று மகளிடம் சொன்னேன். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசி நாள் வரைக்கும் வாங்க மாட்டேன் என்றாள். அவளுக்கும் எனக்கும் பேச்சு தடித்து, இரண்டு நாள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மருந்துக்கடைப் பக்கம் மறுபடி போகிற எண்ணம் வரவில்லை.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு போன் வந்தது. அறிவிப்பைப் பார்த்தேன், நேரில் வரலாமா என்று ஒரு பெண் குரல். சாயங்காலம் கதவைத் திறந்தால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தபால் நிலையத்துக் கவுண்டர் பெண். தைத்த துணிகளைப் பார்சல் அனுப்ப வாரத்துக்கு ஒரு நாளாவது அவள் எதிரே நிற்பேன். நாலு வருஷமாக நிற்கிறேன். முத்திரை குத்தியபடியே நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். அந்த முகத்தில் என் வீட்டுக்காரர் வரைந்த சித்திரம் ஒன்று இருந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் பசை காய்ந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

உட்கார்ந்ததும், "மாமா வீட்டம்மாதானே நீங்க? அப்ப உங்கள அத்தைன்னு கூப்பிடறேன்" என்றாள். இரண்டு வயதிலிருந்து அவரை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவளாம். அந்த வயதில் ஏதோ நோயில் ஒரு கண் போயிற்று. அந்த அறையில் இவர் வரைந்த முதல் குழந்தை அவள். குழந்தை வளர வளரக் கண்குழியும் வளரும், பழைய கண் சிறியதாகிவிடும், புதிதாகச் செய்ய வேண்டும். இரண்டு வயதில் ஒன்று, பிறகு நாலில், ஆறில், ஒன்பதில் என்று அவளுக்கு இவர் வரைந்துகொண்டே இருந்திருக்கிறார்.

கைப்பையிலிருந்து மாத்திரை போட்டுவைக்கிற, அறை அறையாகப் பிரித்த டப்பா ஒன்றை எடுத்தாள். அவள் அம்மா ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு அறையிலும் பஞ்சு, பஞ்சின்மேல் ஒரு கண், மூடியில் வயது எழுதிய சீட்டு. எட்டு இருந்தன.

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு வயதுக் கண் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதன் வெள்ளை சுத்த வெள்ளை இல்லை, நீர் கலந்த பால் மாதிரி லேசாக நீலம். குழந்தைகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று என் மகள் பிறந்தபோது நானே பார்த்திருக்கிறேன், மறந்துபோயிருந்தேன். நாலு வயதில் அந்த நீலம் பாதி போயிருந்தது. ஆறு வயதில் கருவிழியின் விளிம்பில் ஒரு பச்சை. ஒன்பதில் அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் கடுகு பிளந்தது போல ஒரு புள்ளி. பன்னிரண்டிலும் அதே இடத்தில் அதே புள்ளி இருந்தது, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. பத்தொன்பதில் வெள்ளை நன்றாகப் பழுத்து, சிவப்பு நார்கள் கூடியிருந்தன. என் டப்பாவிலிருந்து போன நூல். திட்டிக்கொண்டே இருந்தேனே, அந்த நூல் ஒரு பெண்ணோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறது, கல்யாணம் செய்துகொண்டிருக்கிறது. ஒரு பெண் வளர்ந்த கதையை எட்டுப் படமாக வரைந்துவிட்டு அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருப்பார். நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருப்பேன்.

பதினைந்து வயதுக்கு மட்டும் இரண்டு கண் இருந்தது. ஏன் என்று கேட்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அளவெடுக்க வந்த அன்று காலையில் அம்மாவோடு பெரிய சண்டையாம். பேருந்து முழுக்க அழுதுகொண்டே வந்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தபோது நல்ல கண் சிவந்து, ரத்தக் குழாயெல்லாம் எழுந்து நிற்கிறது. ஒரு நிமிஷக்காரர் எதுவும் கேட்கவில்லை. எதிரே இருப்பதைத்தானே போடுவார்? நாலு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு நார் விடாமல் அத்தனையையும் படியவைத்திருக்கிறார். அன்றைக்குப் போட்டுப் பார்த்தபோது அச்சு அசலாக இருந்தது. மறுநாள் காலையில் நல்ல கண் வெளுத்துவிட்டது, இந்தக் கண் அழுதபடியே இருந்தது. ஒரு மாதம் பள்ளிக்கூடத்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏன் அழுதாய், ஏன் அழுதாய் என்று கேட்டே உயிரை எடுத்துவிட்டார்களாம். திரும்பி வந்து சொன்னதும் இவர் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாராம்.

"நீ அழுதத நான் வரைஞ்சு வெச்சிட்டேன் பாரு, என்ன சொல்றது? இனிமே அம்மாகூட சண்டைய சாயங்காலமா வெச்சுக்கோ" என்று சொல்லி, தன் விடுமுறை நாளில் வந்து புதிதாக ஒன்று வரைந்து கொடுத்திருக்கிறார்.

சிரித்துக்கொண்டிருந்தவள் பிறகு குரலைத் தாழ்த்தினாள். இந்த எட்டையும் மேஜையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றாள். வீட்டில் கணவருக்குத் தெரியும். கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்கப்புறம் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள், கண்ணைப் பார்த்துப் பேசுவார்கள்.

"யாருதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்தை."

சத்தியம் செய்து கொடுத்தேன். கண்காட்சிக்கு அவள் வர மாட்டேன் என்றாள். அதுவும் சரிதான் என்றேன்.

அன்றைக்கே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். கறுப்பு வெல்வெட்டில் நீளமாக ஒரு பட்டை, அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பை. இந்தத் தடவை சித்திரம் வெளியே தெரிகிற மாதிரி, பாதிக்கு மட்டும் துணி. எட்டுப் பை தைத்த பிறகு துணி கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சிய துணியை மொட்டையாக விட எனக்கு மனசு வராது, தொழில் புத்தி. ஒன்பதாவதாக ஒரு பையும் தைத்து ஓரத்தை மடித்து முடித்தேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தைக்கும்போது தெரியவில்லை.

அமைப்பாளர் பட்டையைப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை. பெரிய பெரிய படங்களுக்கு நடுவே, மாடிப்படிக்குப் பக்கத்தில் எங்கள் மேஜை. முதல் நாள் காலையில் வந்தவர்கள் எல்லோரும் தூரத்திலிருந்து மணி மாலையா என்று பார்த்துக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கு மேல் ஒரு அம்மா குழந்தையோடு வந்து குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. இரண்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நகர்ந்தாள். ஒன்றிரண்டு பேர் கூடினார்கள். அழுத கண்ணைப் பற்றிச் சொன்னேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு பெண் என்று மட்டும். சிரித்தார்கள். இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மத்தியானத்துக்குள் மாடிப்படியில் வழி விடச் சொல்லி ஆள் நிறுத்த வேண்டியதாயிற்று. என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் "பார்த்தாயா" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

கூட்டத்தைப் பார்த்து அமைப்பாளரும் வந்தாள். பட்டையில் இருந்த பைகளை எண்ணினாள். முகம் மாறிவிட்டது.

ஒன்பது பை இருக்கிறது, எட்டுக் கண்தானே இருக்கிறது, ஒன்று எங்கே என்றாள். இங்கே வைத்த பொருள் காணாமல் போனால் பொறுப்பு அவளுடையது. நான் அது சும்மா தைத்தது என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கையாக இல்லை. எட்டாவது கண்ணின் சீட்டில் பத்தொன்பது வயது என்று போட்டிருக்கிறது, அதற்கப்புறம் அந்தப் பெண்ணுக்குக் கண் செய்யவே இல்லையா என்று கேட்டாள். கெட்டிக்காரி. செய்தார், கடைசி வருஷத்தில் செய்தார் என்று உளறிவிட்டேன். அப்படியானால் அது எங்கே? சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், சொல்ல முடியாது. அமைப்பாளர் பதிவேட்டைத் திறந்து, வேறு வழியில்லை, ஒன்று தொலைந்துபோனது என்றுதான் எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தாள்.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் தபால் நிலையச் சீருடையைப் பார்த்தேன். வர மாட்டேன் என்றவள் மதிய இடைவேளையில் கூட வேலை செய்கிற இரண்டு பேரோடு வந்திருந்தாள், எல்லோரையும் போல வேடிக்கை பார்க்கிறவளாக. நான் அவள் பக்கம் பார்க்கவே கூடாது என்று தரையைப் பார்த்தேன். எழுதினால் எழுதட்டும், தொலைந்தது என்றே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இந்த ஒன்றையாவது நான் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

"தொலையல. எழுதாதீங்க" என்றாள் அவள். "மாமா செஞ்சது எதுவும் தொலையல. இதெல்லாம் என்னுது. அந்த ஒன்பதாவத நான் போட்டிருக்கேன்."

கூட வந்த இரண்டு பேரும் அவளைப் பார்த்த பார்வையில், இத்தனை நாள் எப்படி என்ற கேள்வி மட்டும்தான் இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

அமைப்பாளர் பதிவேட்டை மூடினாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்தில் வந்து, பார்க்கலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். ஒரு கண்ணைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள். பட்டையில் இருந்த எட்டாவது கண்ணைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி நிமிர்ந்தாள். வருஷக்கணக்காக ஓவியங்களோடு பழகியவள், தோற்றுப்போக மனமில்லை என்பது அவள் நெற்றியிலேயே தெரிந்தது. கடைசியில் விரலை நீட்டி, நிச்சயமான குரலில், "இந்தக் கண்ணு" என்றாள்.

தபால் நிலையத்துப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அது நான் பொறந்தப்பவே இருந்தது" என்றாள்.

நான் எல்லோர் முன்னாலும் அழுதேன். கூச்சமாகவே இல்லை.